கல்லச்சில் எழுந்த கடவுளர்



ஒருவருடைய கைவண்ணத்தை நாள்தோறும் கண்டுகொண்டே அவருடைய பெயரை அறியாதிருத்தல் உலகில் புதிதன்று. நான் தங்கியிருக்கும் வைட்ஃபீல்டில் வானை முட்டும் கட்டடங்கள் பல. அவற்றின் வாயிலில் காவலர் அமர்ந்திருக்கும் சிறு கூண்டிலும், எதிரே இட்டலி விற்கும் தள்ளுவண்டியிலும், கட்டட வேலைக்கு வந்த நம் தமிழ்த் தொழிலாளர் குடியிருக்கும் தகரக் கொட்டகையிலும் பொதுவாகக் காணப்படும் பொருள் ஒன்று உண்டு. அது நாட்காட்டியிலுள்ள திருமகள் படம். தாமரைமேல் நிற்கும் அன்னை, மேலிரு கைகளில் மலர், உடலில் சரிகைப் புடவை, பின்னே நீர்நிலை, பக்கத்தில் யானை.

படத்தைக் காட்டி இது யார் என்று கேட்டால் குழந்தையும் விடை சொல்லும். வரைந்தவர் யார் என்று கேட்டால் கற்றவரும் சற்றே தயங்குவர். இன்றைய படத்தை யாரோ ஓர் ஓவியர் வரைந்திருக்கலாம். ஆயினும் அதன் நிற்கும் நிலைக்கும், முகத்துக்கும், உடைக்கும் மூலம் தேடிச் சென்றால் நாம் கிளிமானூர் இரவிவர்மரிடம் போய்ச் சேர்வோம். அவருடைய வாழ்க்கையை நம் மன்றத்து மலரில் எழுத நான் விரும்பியதற்கு ஒரு காரணம் உண்டு. தமக்கு மறைக்கப்பட்ட ஒரு கலையைத் தேடிக் கற்று, அதனை எல்லார் வீட்டுக்கும் கொண்டு சென்றவர் அவர். அதற்காக அவர் கொடுத்த விலையும் சிறிதன்று.

அவருக்கு முன்பே ஐரோப்பா இவ்வழியில் நடந்திருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியில் இரஃபேல் என்னும் பெரும் ஓவியர் வாழ்ந்தார். அவர் வரைந்த கிரேக்கத் தெய்வங்களின் உருவங்களை மார்க்கந்தோனியோ இரைமோந்தி என்பவர் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்டார். மாளிகைச் சுவரிலிருந்த ஓவியம் ஓர் ஊரில் நின்றது. தாளில் ஏறிய படமோ நாடு நாடாகச் சென்றது. மூன்று தேவியரில் அழகி யார் என்று பாரிசு என்னும் இளைஞன் தீர்ப்பளிக்கும் படம் அவற்றுள் ஒன்று. அதற்கு இரஃபேல் வரைந்த மூலம் இன்று இல்லை; அச்சு இருக்கிறது. ஏறத்தாழ 350 ஆண்டுகள் கழித்து, 1863-இல், மானே என்ற பிரெஞ்சு ஓவியர் தம் புகழ்பெற்ற ஓவியம் ஒன்றுக்கு அந்த அச்சுப் படத்தின் மூலையில் அமர்ந்திருந்த மூவரின் நிலையைத்தான் எடுத்துக்கொண்டார். அச்சின் ஆயுள் அத்தகையது!

ஆனால் ஐரோப்பியர் அச்சிட்ட அந்தத் தெய்வங்களுக்கு அப்பொழுதே கோயில் இல்லை, வழிபடுவோரும் இல்லை. கற்றோர் கண்டு களிக்கும் கதைமாந்தராகவே அவர்கள் தாளில் நின்றனர். நம் நாட்டில் நிகழ்ந்தது வேறு. இங்கே தாளில் வந்த தெய்வத்துக்கு மக்கள் விளக்கேற்றினர், பூச்சூட்டினர், பொட்டிட்டனர். இவ்வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு இரவிவர்மரின் வாழ்வைப் பார்ப்போம்.

திருவிதாங்கூர் நாட்டில், திருவனந்தபுரத்துக்கு வடக்கே உள்ள கிளிமானூரில் 1848 ஏப்ரல் 29-ஆம் நாள் அவர் பிறந்தார். தாய் உமையம்பா தம்புராட்டி கவி பாடுபவர். தந்தை வடமொழிப் புலமை மிக்கவர். மன்னர் குடும்பத்தோடு மணவுறவு கொண்ட குடி அது. சிறுவன் இரவிவர்மன் கரித்துண்டால் சுவர்களில் விலங்குகளையும் மனிதரையும் வரைவான் என்று கூறுவர். வேலையாட்கள் முணுமுணுத்தனர், தாய்மாமன் இராசராச வர்மர் மகிழ்ந்தார். அவர் தஞ்சைப் பாணியில் ஓவியம் தீட்டுபவர். சுவரைக் கெடுத்த பிள்ளையைத் தண்டியாமல் அவனுக்குத் தூரிகை பிடிக்கக் கற்பித்த அம்மாமனை நாம் நன்றியோடு நினைத்தல் வேண்டும். 1862-இல், பதினான்காம் அகவையில், அவர் மருமகனைத் திருவனந்தபுரம் அழைத்துச் சென்று ஆயில்யம் திருநாள் மகாராசாவின் முன் நிறுத்தினார். மன்னர் பிள்ளையின் திறமையைக் கண்டு அங்கேயே தங்கிப் பயிலச் செய்தார்.

அரண்மனையில் நீர்வண்ணம் இருந்தது, நூல்கள் இருந்தன, ஐரோப்பிய ஓவியங்களின் படிகளும் இருந்தன. ஆனால் எண்ணெய் வண்ணம் அன்று நம் நாட்டவருள் மிகச் சிலரே அறிந்த புதுக்கலை. எண்ணெயை எவ்வளவு கலப்பது, ஒரு பூச்சு உலர எத்தனை நாள் பொறுப்பது, நிழலுக்கு மேல் ஒளியை எப்படி ஏற்றுவது என்பனவற்றைப் பக்கத்தில் நின்று பார்த்தாலன்றிக் கற்றல் அரிது. அரண்மனையில் அக்கலை தெரிந்தவர் ஒருவர் இருந்தார். மதுரையிலிருந்து வந்த இராமசாமி நாயக்கர் அவர். இளைஞனிடம் போட்டியைக் கண்டாரோ என்னவோ, கற்பிக்க மறுத்துவிட்டார். 1868-இல் தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் மன்னரின் உருவத்தைத் தீட்ட வந்தார். அவரும் கற்பிக்க இசையவில்லை. தாம் வேலை செய்யும்போது பார்த்துக்கொண்டிருக்க மட்டும் இசைந்தார்.

கதவுகள் இரண்டு இவ்வாறு சாத்தப்பட்டபோது சன்னலைத் திறந்தவர் ஒரு தமிழர். இராமசாமி நாயக்கரின் மாணவர் ஆறுமுகம் பிள்ளை, தம் ஆசிரியர் அறியாமல் வந்து தமக்குத் தெரிந்ததை இரவிவர்மருக்குச் சொல்லிக் கொடுத்தார் என்று வாழ்க்கை வரலாறு எழுதியோர் குறிக்கின்றனர். ஆறுமுகம் பிள்ளையின் ஓவியம் எதையும் நாம் இன்று போற்றிப் பேசுவதில்லை. ஆயினும் நாட்டின் ஒவ்வொரு வீட்டிலும் தொங்கும் படத்தில் அவர் கொடுத்த ஒரு துளி எண்ணெய் கலந்திருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

பார்த்தும் கேட்டும் பலமுறை கெடுத்தும் இரவிவர்மர் அக்கலையைக் கைப்படுத்தினார். 1870-இல், இன்று கருநாடகத்தைச் சேர்ந்த கொல்லூருக்குச் சென்று மூகாம்பிகையை வழிபட்டார். திரும்பும் வழியில் கோழிக்கோட்டில் ஒரு நீதிபதியின் குடும்பத்தை வரைந்து ஊதியம் பெற்றார். அரச உறவினர் ஒருவர் கூலிக்குப் படம் வரைதல் அக்காலத்தில் எளிய செய்தியன்று. குலப்பெருமை கையைக் கட்டிப் போட அவர் இடங்கொடுக்கவில்லை.

1873-இல் சென்னையில் நடந்த கண்காட்சியில், கூந்தலில் மலர் சூடும் நாயர் மங்கையின் ஓவியத்துக்காக ஆளுநரின் பொற்பதக்கம் பெற்றார். மறு ஆண்டு, சுரபத் என்னும் யாழ் போன்ற கருவியை மீட்டும் தமிழ்ப் பெண்ணை வரைந்து மீண்டும் பரிசு பெற்றார். 1876-இல் அவர் அனுப்பியது தாமரையிலையில் காதல் மடல் எழுதும் சகுந்தலை. சென்னை ஆளுநர் பக்கிங்காம் கோமகன் அதனை விலை கொடுத்து வாங்கினார். முப்பது வயது நிரம்புமுன்பே அவர் புகழ் நாடெங்கும் பரவியது.

புகழோடு ஒரு தொல்லையும் வந்தது. படம் வேண்டுவோர் பெருகினர், கைகளோ இரண்டே. தம்பி இராசராச வர்மர் உடனிருந்து பின்னணி இயற்கைக் காட்சிகளை வரைந்தும், கணக்குகளைக் கவனித்தும் துணை செய்தார். அப்படியும் போதவில்லை. கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த சர் டி. மாதவராவ் அப்பொழுது ஓர் அரிய யோசனை சொன்னார். தேர்ந்த ஓவியங்கள் சிலவற்றை ஐரோப்பாவுக்கு அனுப்பி வண்ண அச்சாகப் பெருக்கி வெளியிட்டால் இரவிவர்மரின் புகழும் வளரும், நாட்டுக்கும் உண்மையான தொண்டாகும் என்பது அவர் கருத்து. வித்து விழுந்தது, முளைக்கப் பத்தாண்டு ஆயிற்று.

இடையில் அவருக்கும் நாம் வாழும் இம்மண்ணுக்கும் ஓர் உறவு ஏற்பட்டது. 1882-இல் மைசூர் மன்னர் சாமராசேந்திர உடையார், ஐரோப்பியக் கலப்பினத்தவரும் ஆங்கிலோ இந்தியரும் குடியேறி உழவு செய்வதற்காக 3900 ஏக்கர் நிலம் வழங்கினார். அக்குடியேற்றத்துக்காகப் பாடுபட்ட ஒயிட் என்பவரின் பெயரால் அமைந்ததே வைட்ஃபீல்ட். அதே மன்னர் 1885-இல் இரவிவர்மரை மைசூருக்கு வரவழைத்துத் தம் குடும்பத்தாரின் உருவங்களைத் தீட்டச் செய்தார். பின்னாளில் அவர் மகன் நான்காம் கிருட்டிணராச உடையாரும் அவரை அழைத்துப் புராண ஓவியங்கள் வரையச் சொன்னார். மைசூர் சகன்மோகன் அரண்மனைக் கலைக்கூடத்தில் இரவிவர்மரின் ஓவியங்களுக்கு முன் நான் நீண்ட நேரம் நின்றிருக்கிறேன். பட்டின் மடிப்பும் பொன்னின் ஒளியும் அங்கே கைக்கு எட்டுவன போல் இருந்தன. அரண்மனைக்குள் அன்று நுழையக்கூடியவர் எத்தனை பேர் என்ற எண்ணமும் உடன் எழுந்தது.

பரோடா மன்னர் சாயாசிராவ் கெயிக்வாட் 1888-இல் பாரத, இராமாயணக் கதைகளிலிருந்து பதினான்கு ஓவியங்கள் வேண்டினார். நளனும் தமயந்தியும், சந்தனுவும் கங்கையும் எந்த உடையில் இருந்தார்கள்? விடை தேடி உடன்பிறந்தார் இருவரும் வடநாட்டில் நெடும்பயணம் செய்தனர். எல்லா நாட்டாருக்கும் பொதுவான பழைய உடை ஒன்று எங்கும் கிடைக்கவில்லை. இறுதியில் இரவிவர்மர் தம் தேவியருக்கும் நாயகியருக்கும் பெரும்பாலும் புடவையையே உடுத்தினார். நமக்கு இன்று இயல்பாகத் தோன்றும் அது அன்று ஓர் ஓவியர் எடுத்த முடிவு. ஓவியங்கள் 1890-இல் நிறைவுற்றன. அவற்றைக் காண மக்கள் திரண்டனர். 1893-இல் சிக்காகோ உலகக் கண்காட்சிக்கு அவர் அனுப்பிய பத்து ஓவியங்களுக்குப் பதக்கங்கள் கிடைத்தன.

1894-இல் மாதவராவின் கனவு நனவாயிற்று. ஐரோப்பாவுக்குப் படத்தை அனுப்பாமல், ஐரோப்பிய அச்சையே இங்கே கொண்டுவந்தார் இரவிவர்மர். அன்றைய பம்பாயின் கிர்காம் பகுதியில், கோவர்த்தனதாசு என்னும் வணிகரோடு கூட்டுச் சேர்ந்து, செருமானியப் பொறிகளோடும் தொழில் வல்லுநரோடும் அச்சுக்கூடம் தொடங்கினார். முதலில் வெளிவந்தது சகுந்தலையின் பிறப்பு.

அங்கே நடந்த வேலையைச் சிறிது விளக்குகிறேன். செனஃபெல்டர் என்னும் செருமானியர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கண்டுபிடித்த கல்லச்சு முறை அது. எண்ணெயும் நீரும் கலவா என்பதே அதன் அடிப்படை. வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லின்மேல் எண்ணெய்ப் பசையுள்ள எழுதுகோலால் வரைவர். பின்பு கல்லை நீரால் நனைப்பர். வரைந்த இடம் நீரைத் தள்ளும். வெற்றிடம் நீரைக் கொள்ளும். மை உருளையை ஓட்டினால் வரைந்த இடத்தில் மட்டும் மை பற்றும். அதன்மேல் தாளை அழுத்தினால் படம் கிடைக்கும். ஒரு கல்லுக்கு ஒரு வண்ணம். திருமகளின் கன்னத்துக்கு ஒரு சிவப்பு, புடவைக்கு ஒரு சிவப்பு, தாமரைக்கு ஒரு சிவப்பு எனப் பிரித்துப் பிரித்துக் கல்லில் ஏற்றவேண்டும். ஒரே தாள் ஒவ்வொரு கல்லாகச் சென்று மீளும். மயிரிழை பிசகினாலும் கண் ஓரிடத்தும் மை ஓரிடத்தும் விழும். முடிவில் எண்ணெய் ஓவியத்தின் பளபளப்பு வர மெருகு பூசுவர்.

தெய்வப்படம் அச்சிட்டவருள் இரவிவர்மர் முதல்வர் அல்லர். கல்கத்தாவிலும் பூனாவிலும் அவருக்கு முன்பே கல்லச்சுப் படங்கள் வெளிவந்தன. ஆனால் இவர் படங்களில் தெய்வம் மனித உடலோடு, மனித நாணத்தோடு, நாம் அறிந்த மரத்தடியில் வந்து நின்றது. வாங்குவோர் கூட்டம் பெருகியது. எண்ணெய் ஓவியத்துக்குக் கொடுக்கும் விலையோடு ஒப்பிட்டால் அச்சுப்படத்தின் விலை மிகச் சிறிது. மன்னர் மாளிகையில் இருந்த கலைமகள் கடைத்தெருவுக்கு வந்தாள்.

கடைத்தெருவுக்கு வந்ததன் பொருளை நாம் ஆழ்ந்து எண்ணவேண்டும். இரவிவர்மர் பிறந்த அதே திருவிதாங்கூரில் அக்காலத்தில் ஈழவரும் நாடாரும் புலையரும் பறையரும் கோயிலுக்குள் நுழையக்கூடாது. சில கோயில்களைச் சூழ்ந்த தெருக்களில் நடக்கவும் கூடாது. வைக்கத்தில் 1924-இல் மூண்ட போராட்டத்தையும், அதில் தந்தை பெரியார் சிறை சென்றதையும் நீங்கள் படித்திருப்பீர்கள். சுசீந்திரத்திலும் அதுபோன்ற போராட்டம் நடந்தது. என் பாட்டியின் தாய் அப்பக்கத்தவர். கோபுரத்தைத் தொலைவில் நின்று பார்த்தவர். கருவறையில் என்ன இருக்கிறது என்று இளமையில் அறியாதவர். அவருடைய மண்வீட்டுச் சுவரில், மரச்சட்டத்துக்குள் ஒரு கலைமகள் இருந்தாள் என்று என் பாட்டி சொல்வார். வீணையும் மயிலும் உள்ள அந்தப் படத்தின் அடியில் அச்சிட்ட ஊர்ப்பெயரை எழுத்துக்கூட்டிப் படித்ததே தமக்கு முதற்பாடம் என்பார். ஆள் நுழைய முடியாத இடத்திலிருந்து தெய்வம் வெளியே வந்து, அவர்கள் வீட்டு விளக்கொளியில் நின்றது. எந்தப் பூசாரியின் இசைவும் அதற்குத் தேவைப்படவில்லை.

இரவிவர்மர் இதையெல்லாம் எண்ணித்தான் அச்சுக்கூடம் வைத்தார் என்று நான் சொல்லமாட்டேன். வணிகமும் அவர் நோக்கம். புகழும் அவர் நோக்கம். ஆனால் ஒரு செயலின் பயன் செய்தவரின் எண்ணத்தோடு நின்றுவிடுவதில்லை. வரலாறு இங்கே ஒரு வியப்பையும் வைத்திருக்கிறது. 1900-ஆம் ஆண்டில் இரவிவர்மரின் மகள் வயிற்றுப் பேத்தியர் இருவர் திருவிதாங்கூர் அரச குடும்பத்துக்குத் தத்து எடுக்கப்பட்டனர். அவர்களுள் இளையவரான சேது பார்வதி பாயின் மகனே சித்திரைத் திருநாள் மகாராசா. 1936 நவம்பர் 12-ஆம் நாள் திருவிதாங்கூர்க் கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட்ட அறிவிப்பு அவர் வெளியிட்டது. கொள்ளுப்பாட்டனார் தெய்வத்தைத் தாளில் வெளியே அனுப்பி 42 ஆண்டுகள் கழிந்த பின் கொள்ளுப்பேரர் கோயிற் கதவைத் திறந்தார். இடையில் அக்கதவைத் தட்டியவர்கள் அடிபட்ட மக்கள். அவர்கள் தட்டியிராவிட்டால் அது திறந்திராது என்பதையும் மறத்தலாகாது.

அச்சுக்கூடம் ஊருக்கு நன்மை செய்தது; உரிமையாளருக்குக் கடன் செய்தது. 1896-இல் பம்பாயில் கொள்ளைநோய் புகுந்தது. கூட்டாளி விலகினார். 1899-இல் அச்சுக்கூடம் லோணாவ்லாவுக்கு அருகே உள்ள மாளவ்லிக்கு மாற்றப்பட்டது. தூரிகை பிடித்த கை வட்டிக் கணக்கில் வெல்லவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரவிவர்மர் அதனைத் தம்மிடம் பணிபுரிந்த செருமானிய வல்லுநர் ஷ்லெய்ச்சரிடம், ஓவியங்களை அச்சிடும் உரிமையோடு விற்றுவிட்டார். அவர் பெயர் தாங்கிய படங்கள் அதன்பின் பல்லாண்டு விற்றன, விளம்பரங்களிலும் ஏறின. ஆதாயம் அவருடையதன்று. அவ்வச்சுக்கூடத்தில் சில காலம் வேலை பார்த்த பால்கே என்னும் இளைஞர், 1913-இல் அரிச்சந்திரன் கதையைத் திரைப்படமாக்கி இந்தியத் திரைப்படத்துக்குத் தந்தையானார். தாளில் நின்ற புராணம் திரையில் நடந்தது!

1905 தொடக்கத்தில் தம்பி இராசராச வர்மர் மறைந்தார். வாழ்நாள் முழுதும் நிழல்போல் உடனிருந்த துணை போயிற்று. நீரிழிவு இரவிவர்மரை வாட்டியது. மைசூருக்கு ஒப்புக்கொண்ட ஓவியங்களை முடித்துக் கொடுத்துவிட்டு, 1906 அக்டோபர் 2-ஆம் நாள், பிறந்த கிளிமானூரிலேயே கண்மூடினார். அப்போது அவருக்கு அகவை 58.

மறைந்த பின்னும் அவருக்கு அமைதி இல்லை. ஈழத்துத் தமிழர் வழிவந்த ஆனந்த குமாரசாமி போன்ற கலையறிஞர் அவரைக் கடுமையாகத் தாக்கினர். அவர் தெய்வங்கள் நாடகமேடை நடிகர் போல் நிற்கின்றன, ஐரோப்பிய முறை நம் கலையின் உயிரைக் கெடுத்தது என்பது அவர்கள் குற்றச்சாட்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. நம் சோழர்காலச் செப்புத்திருமேனியின் முன் இந்த அச்சுப்படத்தை வைத்தால் எது உயர்ந்தது என்று கேட்கவேண்டியதே இல்லை. வேறொரு குறையும் எனக்குத் தோன்றுகிறது. எங்கும் ஒரே திருமகள் பரவியதால் ஊருக்கொரு முகமாக இருந்த அம்மன்களின் உருவங்கள் பின்னுக்குப் போயின. வெண்ணிற மேனியே தெய்வ மேனி என்ற எண்ணமும் வேரூன்றியது. ஆயினும் செப்புத்திருமேனி எங்கே இருந்தது என்பதையும் குறைகூறுவோர் எண்ணவேண்டும். அது கருவறைக்குள் இருந்தது. என் பாட்டியின் தாய் தெருவில் நின்றார்.

அவர் தொடங்கிய வழி தமிழ்நாட்டிலும் தழைத்தது. கோவில்பட்டியில் வாழ்ந்து 1976-இல் மறைந்த கொண்டையராசுவும் அவர்தம் மாணவரும் வரைந்த தெய்வப்படங்கள் சிவகாசி அச்சகங்களிலிருந்து நாட்காட்டிகளாக நாடெங்கும் சென்றன. கொண்டையராசு பலருக்குக் கலையைக் கற்பித்து, அவர்களோடு சேர்ந்தே வரைந்தார். மாளவ்லி அச்சுக்கூடம் 1972-இல் தீக்கிரையாயிற்று. கல்லச்சுத் தொழிலும் மறைந்தது. சிவகாசியின் நாட்காட்டி வைட்ஃபீல்டின் தகரக் கொட்டகைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

தோழர்களே, இவ்வாழ்க்கையிலிருந்து மாணவராகிய நாம் கொள்ளவேண்டியது யாது? இராமசாமி நாயக்கர் தமக்குத் தெரிந்ததைப் பூட்டி வைத்தார். அவரோடு அது அரண்மனையில் நின்றுபோயிற்று. ஆறுமுகம் பிள்ளை தமக்குத் தெரிந்த சிறிதைச் சொல்லிக் கொடுத்தார். இன்று நம்முள் ஒருவர் கணிப்பொறியில் வல்லவர். ஒருவர் கணக்கில் வல்லவர். ஒருவர் ஆங்கிலத்தில் வல்லவர். சிற்றூரிலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்து, வகுப்பில் பாதி விளங்காமல் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் தம்பியும் தங்கையும் நம்மிடையே உள்ளனர். கேட்டால் நகைப்பார்களோ என்று அவர்கள் அஞ்சுகின்றனர். நம் மன்றம் மாலைதோறும் ஒரு மணி நேரம் அவர்களோடு அமருமாயின், பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் மேலான தமிழ்த்தொண்டு அதுவாகும். அத்தகைய வகுப்பு ஒன்றை இவ்வாண்டே தொடங்குவோம். என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.